லிஸ்பன்: விழுந்ததும் நின்றதும்

வியாழன்

லிஸ்பனுக்கு வருபவர்கள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக ஆற்றங்கரைச் சதுக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. மூன்று பக்கமும் மஞ்சள் பூசிய நீளமான கட்டடங்கள், கீழே வளைவு வளைவாக நடைக்கூடம். நாலாவது பக்கம் தேஜோ ஆறு. ஆறு என்று வரைபடம் சொல்கிறது, கண்ணுக்குக் கடல்தான். பளிங்குப் படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண். வெளிநாட்டு அரசர்களும் தூதர்களும் ஒரு காலத்தில் இந்தப் படியில்தான் வந்து இறங்கினார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் நனைக்கிறார்கள்.

இதற்கு வணிகச் சதுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களோ இன்னும் அரண்மனைத் திடல் என்கிறார்கள். அரண்மனை போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டி, கோயில்களில் பூசை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. தப்பித்தவர்கள் திறந்த வெளி தேடி இந்த ஆற்றங்கரைக்குத்தான் ஓடிவந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பின்வாங்கி, அப்புறம் சுனாமியாகத் திரும்பி வந்தது. திருநாளுக்கு ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சாய்ந்து பிடித்த தீ ஐந்தாறு நாள் எரிந்தது. அரண்மனையும் அதிலிருந்த சுமார் 70,000 நூல்களும் போயின. பக்கத்தில் புத்தம் புதிதாக ஓர் ஓபரா அரங்கு இருந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில்தான் திறந்தார்கள், ஏழு மாதம்தான் ஓடியது.

சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் இருப்பவர் அப்போதைய அரசர் முதலாம் ஜோசே. குடும்பத்தோடு அன்று ஊருக்கு வெளியே பெலெமில் இருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்கவே மறுத்துவிட்டார். அஜுடா குன்றில் மரத்தாலும் துணியாலும் ஒரு மாளிகை போட்டு, சாகும்வரை அதிலேயே காலம் தள்ளினார். சிலை 1775-இல் வைத்தது, மச்சாடோ டி காஸ்ட்ரோ என்ற சிற்பியின் வேலை. பீடத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆற்றைப் பார்த்த பக்கத்தில் வட்டமாக ஒரு முகம் பதித்திருக்கும். அது அமைச்சர் பொம்பால் பிரபுவின் முகம். இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்டியவர் அவர். 1777-இல் அரசர் இறந்ததும் பொம்பாலின் செல்வாக்கு சரிந்தது, அந்த முகத்தையும் பெயர்த்து எடுத்தார்கள். 1833-இல் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். அரசியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

என்னுடன் வந்திருப்பவர் சித்தப்பா. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிலையைச் சட்டை செய்யாமல் நடைக்கூடத் தூண்களையே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வரும் நாட்களுக்கு இது ஒரு முன்னறிவிப்பு.

வெள்ளி

போன நகரம் எப்படி இருந்தது என்று தெரியாமல் வந்த நகரத்தைப் பார்த்து என்ன பயன்? அதனால் இன்று காலை டைல்ஸ் அருங்காட்சியகம். ஊரின் கிழக்கே, 1509-இல் ராணி லியோனோர் நிறுவிய ஒரு கன்னியர் மடத்துக்குள் இருக்கிறது. போர்த்துகீசியர்களுக்கு வீட்டுச் சுவரிலும் கோயில் சுவரிலும் ரயில் நிலையத்திலும் டைல்ஸ் வேண்டும். ஐந்நூறு வருட டைல்ஸை இங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். பாதியைப் பார்த்ததும் கண் சலித்துவிடும், உண்மையைச் சொன்னால் என்ன.

ஆனால் மேல்மாடியில் ஒன்று இருக்கிறது, அதற்காக மட்டுமே வரலாம். சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு நீலமும் வெள்ளையுமாக லிஸ்பன் நகரத்தின் ஆற்றங்கரை முழுவதும். 1700 வாக்கில் வரைந்தது, கேப்ரியல் டெல் பார்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கை என்கிறார்கள். மேற்கே பெலெம் தாண்டித் தொடங்கிக் கிழக்குவரை கோயில், மடம், மாளிகை, படகுத்துறை என ஒவ்வொன்றாக வருகிறது. நேற்று நாங்கள் நின்ற இடத்தில் அந்த அரண்மனை அதன் கோபுரத்தோடு நிற்கிறது. கூர்ந்து பார்த்தால் கரையில் எறும்பு அளவுக்கு ஆட்கள், வண்டிகள், துறையில் கட்டிய படகுகள். இதில் பெரும்பகுதி 55 வருடத்தில் இல்லாமல் போனது. ஒரு நகரத்தின் கடைசிப் புகைப்படம் போல இது கிடைத்திருக்கிறது. சித்தப்பா பழைய தெருக்களைப் பார்த்து, "தெருவா இது? சந்து. ஆட்டம் கண்டால் ஓடக்கூட இடமில்லை" என்றார்.

அந்தச் சந்துகள் இன்னும் மிச்சம் இருக்கும் இடம் அல்ஃபாமா. மதியம் அங்கே போனோம். கோட்டைக் குன்றின் சரிவில், முஸ்லிம்கள் ஆண்ட காலத்துத் தெரு அமைப்பு. படி, வளைவு, மறுபடி படி, ஒரு வீட்டுக் கொல்லை, அங்கேயே வழி முடிவு. கீழே ஓடைப் படுகையில் வண்டல்மேல் இருந்த பைஷா பகுதி தரைமட்டமாக, மேலே பாறைமேல் இருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பித்தது. பூசைக்குப் போனவர்கள் கோயில் கூரை விழுந்து செத்தார்கள், விலைமாதர் தெருவில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பது அந்த நாளில் ஐரோப்பா முழுவதும் பேசிய பேச்சு. கடவுளின் கணக்கு என்ன என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் உள்படப் பலரும் எழுதித் தள்ளினார்கள். அஸ்திவாரத்தின் கணக்கைப் பார்த்திருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும்.

சான் ஜார்ஜ் கோட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1147-இல் போர்த்துகலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்கஸ், சிலுவைப் போருக்குப் போய்க்கொண்டிருந்த வடநாட்டுக் கப்பற்படையைத் துணைக்கு வைத்துக்கொண்டு முற்றுகையிட்டுப் பிடித்த இடம். இன்று நாம் பார்க்கும் மதில் பல்வரிசை பெரும்பாலும் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில், 1940-ஐ ஒட்டிச் செப்பனிட்டது. காட்சி அழகு, கூட்டம் அதிகம், மயில்கள் உண்டு.

கீழே இறங்கும்போது பேராலயம். அதே 1147-இல் தொடங்கிய கட்டடம், இரண்டு பக்கமும் கோட்டைக் கொத்தளம் மாதிரி கோபுரம். முதல் ஆயர் ஓர் ஆங்கிலேயர், முற்றுகைக்கு வந்த படையோடு வந்தவர். அதற்கு எதிரே உள்ள சின்னக் கோயிலில்தான் நான் நிறைய நேரம் நின்றேன். புனித அந்தோனியார் பிறந்த இடம் அது. கச்சத்தீவு, உவரி, புளியம்பட்டி, கொழும்பு கொச்சிக்கடை என்று நம் கடற்கரைகளில் கும்பிடும் அதே அந்தோனியார். பதுவையில் அடங்கியதால் பதுவை அந்தோனியார் ஆகிவிட்டார். லிஸ்பன்காரர்களிடம் பதுவை என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும். தரைக்குக் கீழே குறுகலான ஓர் அறை, ஒரு பீடம், காசு போட ஓர் உண்டியல். ஜூன் 13-இல் திருநாள். முந்தின ராத்திரி முழுக்க அல்ஃபாமா தெருக்களில் மத்தி மீன் சுடுவார்கள். சாமியும் மத்தியும் ஒரே தெருவில்.

சனி

கார்மோ மடத்தைப் பார்க்காமல் லிஸ்பன் பார்த்ததாகச் சொல்ல முடியாது. படைத்தலைவர் நூனோ ஆல்வரஸ் பெரைரா 1389-இல் தொடங்கிக் கட்டியது, அந்தக் காலத்தில் நகரின் பெரிய கோதிக் கோயில். உள்ளே நுழைந்தால் தலைக்குமேல் வானம். தூண் இருக்கிறது, தூணிலிருந்து தூணுக்குப் பாயும் கூர்வளைவுகள் இருக்கின்றன, அவை தாங்க வேண்டிய கூரை மட்டும் இல்லை. 1755 பூகம்பத்தில் விழுந்ததைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். 1834-இல் நாட்டில் துறவற மடங்களையே ஒழித்ததும் வேலை நின்றுபோனது. 1864-லிருந்து அருங்காட்சியகம். பிற்காலத்தில் யாரும் "அழகாக" முடித்துவைக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். தரையில் புல், கல் இடுக்கில் புறா. பீடப் பகுதிக்கு மட்டும் கூரை இருக்கிறது. அங்கே பெருவிலிருந்து வந்த இரண்டு மம்மிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இவை இங்கே எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கூரை போன பிறகும் இந்த வளைவு ஏன் நிற்குது தெரியுமா? ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குது. கூரை கனம் போனதால இதுக்குச் சுமை குறைஞ்சுபோச்சும்மா" என்றார் சித்தப்பா. பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தம்பதிக்கும் கையாலேயே விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள்.

வெளியே உள்ள சின்னச் சதுக்கம் வேறொரு தேதிக்குச் சொந்தம். 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் மார்செலோ கயெத்தானோ இங்கிருந்த காவல்படைத் தலைமையகத்துக்குள் ஒளிந்தார். ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய படையின் கேப்டன் சல்கைரோ மாயா தன் வண்டிகளோடு வந்து வாசலில் நின்றார். மக்கள் மரத்திலும் கூரையிலும் ஏறி நின்று பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆட்சி கைமாறியது. மர நிழலில் வறுத்த செஸ்ட்நட் விற்கும் வண்டி நின்றது. பழைய காகிதத்தைப் பொட்டலமாகச் சுருட்டி ஒரு டஜன் போட்டுத் தந்தார்கள். கை சுட்டது, ருசி அவித்த பனங்கிழங்குக்குப் பக்கத்தில் வரும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித ரோக் கோயில், சேசு சபையார் கட்டியது. வெளியே பார்த்தால் கிடங்கு மாதிரி வெறும் சுவர். உள்ளே இடப்பக்கம் பீடத்துக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தைப் பாருங்கள். பிரேசில் தங்கம் வந்து குவிந்த காலத்து அரசர் ஐந்தாம் ஜோவாவ், ரோம் நகரத்து ஆட்களிடம் சொல்லிச் செய்தது. 1742-லிருந்து 1747 வரை அங்கேயே முழுதாகக் கட்டினார்கள். திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதை அர்ச்சித்து அதில் பூசையும் வைத்தார். அப்புறம் மொத்தத்தையும் கழற்றி மூன்று கப்பலில் ஏற்றி லிஸ்பனுக்குக் கொண்டுவந்து பொருத்தினார்கள். நீல லாபிஸ் கல்லில் தூண், அகேட், வெண்கலம், வெள்ளி. நடுவில் கிறிஸ்து ஞானஸ்நானம் பெறும் படத்தை எண்ணெய் ஓவியம் என்றே நினைத்தேன். பக்கவாட்டில் நகர்ந்து வெளிச்சம் மாறியதும்தான் தெரிந்தது, முழுவதும் மொசைக். தண்ணீருக்குள் தெரியும் கணுக்கால்வரை பொடிப்பொடிக் கண்ணாடித் துண்டுகள். கைவேலை பிரமாதம். இத்தனைக்கும் ஒரு பத்துப் பேர் நிற்கத்தான் இடம்.

திருப்பண்ட அறையில் ஆந்த்ரே ரைனோசோவும் அவருடன் வேலை செய்தவர்களும் வரைந்த 20 ஓவியங்கள், எல்லாம் சவேரியார் வாழ்க்கை. 1541 ஏப்ரலில் இந்த நகரத்திலிருந்து கப்பல் ஏறி கோவா போனவர். மறு வருடமே முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களுக்கு வந்தவர். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பயணத்தின் மறுமுனை இங்கே இருக்கிறது.

மாலையில் ரோசியோ சதுக்கம். தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்து அலை அலையாக வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போட்டது. பார்த்துக்கொண்டே நடந்தால் தலை சுற்றும். வடக்கே நாடக அரங்கு நிற்கும் இடத்தில்தான் சமய விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. ஓரத்தில் புனித தொமினிக் கோயில். 1506 ஏப்ரலில் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்றிருந்த யூதர்கள்மேல் தொடங்கிய கொலைவெறி இந்த வாசலில் கிளம்பியதுதான். வெளியே தாவீதின் நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல் 2008-இல் வைத்தது. கோயில் 1755-இல் இடிந்து, மறுபடி கட்டி, 1959-இல் தீயில் எரிந்தது. கூரையை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டுத் தூண்களை வெந்தது வெந்தபடியே விட்டுவிட்டார்கள். விரலை வைத்துப் பார்த்தேன், பெரிய பெரிய செதிலாகக் கல் உரிந்திருக்கிறது. பளபளப்பாகப் புதுப்பிக்காமல் விட யாருக்குத் தைரியம் வந்ததோ, அவருக்கு ஒரு வணக்கம்.

ஞாயிறு

பெலெம். திங்கட்கிழமை இங்கே எல்லாம் மூடியிருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிக்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஜெரோனிமோஸ் மடத்தின் வாசல் வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நீண்டது.

1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா புறப்படும் முன் பிரார்த்தனை செய்த சின்னக் கோயில் இருந்த இடம் இது. 1501 வாக்கில் அரசர் முதலாம் மனுவேல் தொடங்கினார், முடிக்க நூறு வருடம் பிடித்தது. கீழை நாட்டு வணிகத்தில் நூற்றுக்கு ஐந்து என்று ஒரு வரி எடுத்துக் கட்டினார்கள். நம் பக்கத்துக் கரைகளிலிருந்து போன சரக்கின் லாபம் கல்லாக நிற்கிறது என்று சொன்னால் தப்பில்லை. அது கல்லிலேயே தெரியவும் செய்கிறது. கப்பல் கயிறு முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறது, பவளம், சிப்பி, ஊர் பேர் தெரியாத பழங்கள். கயிற்று முடிச்சு ஒன்றை நெருங்கிப் பார்த்தேன். மூன்று இழை, ஒவ்வொரு இழையிலும் நார் தெரியச் செதுக்கியிருக்கிறார்கள்.

கோயிலுக்குள் எட்டுப்பட்டைத் தூண்கள் மெலிசாக எழும்பி, உச்சியில் விரிந்து கூரையோடு கலக்கின்றன. குறுக்குக் கூடத்தில் ஜோவாவ் டி காஸ்டில்யோ செய்த வேலைதான் சித்தப்பாவைக் கட்டிப்போட்டது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அத்தனை அகலத்தையும் ஒரே கூரையாக மூடியிருக்கிறார். 1755 ஆட்டத்துக்கும் அது கீழே வரவில்லை. "சாரம் பிரிச்ச அன்னைக்கு இந்த ஆளுக்குத் தூக்கம் வந்திருக்காது" என்றார்.

நுழைந்ததும் ஒரு பக்கம் காமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயிஸ். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்ப வேலை. காமா 1524-இல் கொச்சியில் இறந்து அங்கே புனித பிரான்சிஸ் கோயிலில் அடக்கமாகி, 1539-இல் ஊர் திரும்பியவர். கமோயிஸ் பெட்டியில் இருப்பது அவர் எலும்புதானா என்பதில் சந்தேகம் உண்டு. எல்லாரும் இந்த இரண்டையும் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். பீடப் பகுதிக்கும் போய்ப் பாருங்கள். அரசர்களின் கல்லறைப் பெட்டிகளைப் பளிங்கு யானைகள் சுமந்து நிற்கின்றன. யானையை நேரில் பார்த்த கை செதுக்கியது போலத்தான் இருக்கிறது.

அங்கே படுத்திருப்பவர்களில் ஒருவர் மூன்றாம் ஜோவாவ். சவேரியாரை அனுப்பிய அரசர். அவர் ஆணையில்தான் 1554-இல் இதே லிஸ்பனில் ஒரு சிறு ஞான உபதேச நூல் அச்சானது. தமிழ் வாசகம் ரோமன் எழுத்தில், கூடவே போர்த்துகீசியப் பொருள். இந்திய மொழி ஒன்று அச்சேறியது அதுவே முதல். இங்கே வந்து தங்கியிருந்த தமிழர் மூவர், விசென்டே டி நசரே, ஜார்ஜ் கார்வால்யோ, தோமா ட குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயரோடு, அதற்கு உழைத்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் வர இன்னும் 24 வருடம் இருந்தது. அந்த 1554 பிரதி இதே மடத்தின் மேற்குப் பக்கத்துக் கட்டடத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியகம் திருத்த வேலைக்காகப் பூட்டிக் கிடந்தது. தமிழைப் பதிப்பித்த அரசர் யானைமேல், புத்தகம் ஒரு சுவருக்கு அப்பால். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்த தகரத் தடுப்பையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

பெலெம் கோபுரத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். பிரான்சிஸ்கோ டி அருடா 1514-க்கும் 1519-க்கும் இடையில் கட்டியது, ஆற்று வாயிலுக்குக் காவல். ஒரு மூலைக் காவற்கூண்டுக்கு அடியில் காண்டாமிருகத் தலை இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும். மழையில் கரைந்து மூக்கே இல்லை. அதற்கு ஒரு கதை உண்டு. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515 மே மாதம் கப்பலில் இங்கே வந்து இறங்கியது. யானைக்கும் அதற்கும் சண்டை விட்டுப் பார்த்தார் மனுவேல், யானை ஓடிவிட்டது. பிறகு போப்புக்குப் பரிசாக ரோமுக்கு அனுப்பினார். இத்தாலிக் கரையில் கப்பல் மூழ்கியது, சங்கிலியில் கட்டியிருந்த விலங்கும் போனது. ஜெர்மனியில் ஓவியர் டியூரர் அதைப் பார்க்காமலே ஒரு கடிதத்தையும் கோட்டுப் படத்தையும் வைத்து வரைந்தார். அந்தப் படத்தைத்தான் ஐரோப்பா இருநூறு வருடத்துக்கு மேல் காண்டாமிருகம் என்று நம்பியது.

கண்டுபிடிப்பு நினைவுச்சின்னம், அந்தக் கப்பல் வடிவக் கான்கிரீட் எனக்கு ஒட்டவில்லை. 1940 கண்காட்சிக்குத் தற்காலிகமாக வைத்ததை 1960-இல் நிரந்தரமாகக் கட்டினார்கள். சலாசார் ஆட்சி தன் பழம்பெருமையைத் தானே கட்டி நிறுத்திய சிற்பம். அதற்குப் பதில் ஒரு சந்துக்குப் போகலாம். 1837-லிருந்து முட்டைப் பால் பணியாரம் போடும் அந்தப் புகழ்பெற்ற கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. (பணியாரம் சூடாக, மேலே கருகிய புள்ளிகளோடு, பட்டைத் தூள் தூவி. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.) சந்துக்குள் ஐந்து வளையம் போட்ட ஒரு கல்தூண். 1758-இல் அரசர் ஜோசேயைச் சுட முயன்றதாகக் குற்றம் சாட்டி, மறு வருடம் ஜனவரியில் தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தையும் அவெய்ரோ கோமகனையும் பொம்பால் சித்திரவதை செய்து கொன்றார். கோமகனின் மாளிகையை இடித்து நிலத்தில் உப்பைத் தூவினார். இங்கே எக்காலத்திலும் யாரும் கட்டக் கூடாது என்று தூணடியில் கல்வெட்டு. இப்போது சுற்றிலும் கட்டடம். ஜன்னலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பூகம்பம் கடவுளின் தண்டனை என்று எழுதிய சேசு சபைக் குரு மலக்ரீடாவையும் இந்த மனிதர் விடவில்லை. 1761-இல் ரோசியோவில் கழுத்தை நெரித்து எரித்தார்கள். நாளை பொம்பாலைப் புகழப் போகிறேன், அதனால் இதை இன்றே சொல்லிவைக்கிறேன்.

திங்கள்

பைஷா. பயணிகள் இதைக் கடைத்தெரு என்று நினைத்துச் சட்டை வாங்கிக்கொண்டு கடந்துபோகிறார்கள். எனக்கு லிஸ்பனில் பெரிய கட்டடக்கலை இதுதான்.

பூகம்பத்துக்குப் பிறகு, வந்த டிசம்பரிலேயே நாட்டின் தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா அறிக்கை கொடுக்கத் தொடங்கிவிட்டார். வயது 78. பழையபடியே கட்டலாம், தெருவை மட்டும் அகலமாக்கலாம், இரண்டு மாடிக்குமேல் விடாமல் இருக்கலாம், எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் புதுசாகப் போடலாம், ஊரையே பெலெம் பக்கம் கொண்டுபோகலாம் என்று ஐந்து வழிகளை நன்மை தீமையோடு எழுதினார். வழித்துவிட்டுக் கட்டுவது என்று முடிவானது. எவ்ஜேனியோ டோஸ் சாந்தோஸ் வரைபடம் போட்டார், அவர் இறந்ததும் ஹங்கேரியில் பிறந்த கார்லோஸ் மார்டெல் தொடர்ந்தார். நேர்கோட்டுத் தெருக்கள், அடியில் சாக்கடை. தெருவுக்கு ஒரு தொழில்: தங்கம், வெள்ளி, செருப்பு தைப்பவர், சேணம் செய்பவர். பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஜன்னல், ஒரே அளவு கதவு. பட்டறையில் மொத்தமாக அறுத்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். முகப்பில் பூ வேலை கூடாது, பிரபு வீடானாலும் சரி. கோயில்கூட வரிசையைவிட்டு முன்னால் துருத்த முடியவில்லை.

சேணம் செய்பவர் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், கட்டணம் இல்லை. முதலில் ரோமானியர் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள், ஒரு மொசைக் தரை. இன்னும் ஓரிடத்தில் கண்ணாடிக்கு அடியில் ஈர மண், அதில் நெருக்கமாக நட்ட பைன் மரக் கம்பங்களின் தலை. வண்டலில் கட்டடம் அமிழாமல் இருக்க இறக்கியவை. 250 வருடமாக நிலத்தடி நீரில் நிற்கின்றன. "மரம் தண்ணிக்குள்ள முழுசா இருந்தா அழுகாது. பாதி நனைஞ்சு பாதி காஞ்சாத்தான் போச்சு" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டிப் பெண்ணும் ஆங்கிலத்தில் அதையே சொன்னார். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பத்துக்குமேல் கல் கவிகையால் ஆன தரைத்தளம். அதற்குமேல் மாடிகளில்தான் விஷயம். சுவருக்குள்ளே முழுக்க மரச்சட்டம்: நெட்டில், குறுக்கில், ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல இரண்டு சாய்வுச் சட்டம். இடைவெளியில் உடைகல்லும் சுண்ணாம்பும். வெளியே பூசிவிட்டால் சாதாரணச் சுவர். கூண்டு என்றே இதற்குப் பெயர். நிலம் ஆடினால் கல் உதிரலாம், கூண்டு வளைந்து கொடுத்து ஆட்களைக் காப்பாற்றும். மாதிரி ஒன்றைச் செய்து சதுக்கத்தில் வைத்து, சுற்றிலும் படைவீரர்களைத் தாளம் தப்பாமல் நடக்கவிட்டு அதிரவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு துணிக்கடையில் பழுதுபார்த்தபோது பூச்சை எடுத்து ஒரு பகுதியைக் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று பாதி பாதி குடைந்து உட்கார்த்தி, கையால் அடித்த ஆணி ஒன்று. சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். கடைப் பெண் என்னிடம் அளவு வேண்டுமா என்று கேட்டாள். அவர் பார்ப்பது சட்டையை இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

கூரையையும் பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் ஓட்டைத் தாண்டி மேலே நீட்டியிருக்கும். தீ தாவாமல் இருக்க.

இன்னொன்றையும் பொம்பால் செய்தார். நாட்டின் எல்லாப் பங்குக் கோயில் குருமார்களுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். ஆட்டம் எத்தனை நேரம் நீடித்தது, எந்தத் திசையில் அதிகமாக உணர்ந்தீர்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணற்றுத் தண்ணீர் மாறியதா, எத்தனை பேர் இறந்தார்கள்? ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்டார். பதில்கள் இன்றும் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்கவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள்.

செவ்வாய்

கால் வலி. கட்டாயம் போயே ஆக வேண்டும் என்றது சித்தப்பா.

நகரின் மேற்கே அல்காந்தரா பள்ளத்தாக்கின் குறுக்கே 35 வளைவுகளில் நிற்கும் நீர்க்கால்வாய்ப் பாலம். நடுவில் உள்ள வளைவின் உயரம் 65 மீட்டர். கீழே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. டிக்கெட் எடுத்தால் மேலே நடைபாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கலாம். இடுப்பளவு கல் தடுப்பு, நல்ல காற்று, எங்களைத் தவிர நாலைந்து பேர். 1830-களில் டியோகோ ஆல்வெஸ் என்ற கொள்ளைக்காரன் இங்கே நடந்து வருபவர்களைப் பறித்துவிட்டுக் கீழே தள்ளினான் என்று கதை. அவன் தலையை மருத்துவக் கல்லூரியில் சாடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் ஆசை எங்கள் இருவருக்குமே இல்லை.

வேலை தொடங்கியது 1731-இல், தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1748-இல். புனித ரோக் கோயிலில் நீலக்கல் சிற்றாலயத்தைச் செய்யச் சொன்ன அதே ஐந்தாம் ஜோவாவின் காலம். சிற்றாலயத்துக்கு பிரேசில் தங்கம். இதற்கோ லிஸ்பன் மக்கள் வாங்கிய எண்ணெய்மேலும் ஒயின்மேலும் இறைச்சிமேலும் வரி போட்டார்கள். ஏழு வருடம் கழித்துப் பூகம்பம் வந்தது. இந்த வளைவுகளில் ஒன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை எழுதிய பெயர்களை இங்கே மறுபடி பார்த்தேன். மனுவேல் ட மாயா இந்தக் கால்வாயில் வேலை பார்த்தவர். மார்டெலும் அப்படியே. பொம்பால் ஆணை போட்டதும் மறு மாதமே வேலைத்திட்டம் கைக்கு வந்தது எப்படி என்று எனக்கு அதுவரை வியப்பாக இருந்தது. இருபது வருடம் கல்லும் கணக்குமாகத் தேறிய ஆட்கள் ஊரிலேயே தயாராக இருந்திருக்கிறார்கள்.

1960-களில் கால்வாயில் குடிநீர் விடுவதை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளூர்ப் பேருந்து பக்கத்திலேயே நிற்கிறது. தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள், இத்தனை பெரிய கால்வாய்மேல் குடிக்க ஒரு குழாய்கூட என் கண்ணில் படவில்லை.